ஆவடியில் ஒத்திகை பார்த்த நேப்பிள்ஸ்

எதிர்வீட்டுக்காரி கப்பலில் இத்தாலிக்குப் போகிறாள் என்று கேட்ட அன்று எனக்கு வயிறு எரிந்தது. மனசு ஒரு மாதிரி இருந்தது, கொஞ்சம் வருத்தமாக இருந்தது என்றெல்லாம் பூசி மெழுகத் தெரியாது எனக்கு. எரிந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு வைத்த ரசத்தில் உப்புப் போட மறந்தேன். அதைச் சொன்ன என் வீட்டுக்காரரிடம், உப்பு இல்லாமல் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்று எரிந்து விழுந்தேன். மனுஷர் ஒன்றும் புரியாமல் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் இரண்டு வீடும் எதிரெதிரே. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே மாடிப்படியை மாறி மாறிக் கழுவியவர்கள் நாங்கள். நான் சேலத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் வேப்பம்பட்டுக்காரி. அவள் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். அவள் புருஷன் அந்தப் பக்கத்திலிருந்து ஃபேக்டரிக்குள் வேலைக்குப் போன முதல் ஆட்களில் ஒருவர். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவாள். மற்றபடி வா, போ என்றுதான் பேச்சு.

அவள் மகன் ஒரு பயணிகள் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். அப்பா ரிட்டயர் ஆகப்போகிறார் என்று, வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்குக் கிடைக்கும் சலுகையில் கப்பலில் இடம் வாங்கியிருந்தான். நாலு பேருக்கு. அப்பா, அம்மா, மாமனார், மாமியார். அதாவது என் எதிர்வீட்டுக்காரிக்குப் பக்கத்தில் அந்தக் கொரட்டூர்ச் சம்பந்தியம்மா. நியாயமாகப் பார்த்தால் அதில் ஒரு தப்பும் இல்லை. பெண்ணைக் கொடுத்தவர்கள். நான் யார், எதிர்வீடு. ஆனால் எரிகிற வயிற்றிடம் போய் யார் நியாயம் பேசுவது?

ஏன் அப்படி எரிந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸில் எல்.டி.சி. என்றால் நான்தான். சில வருஷத்துக்கு ஒரு தடவை ஃபேக்டரியில் குடும்பத்தோடு ஊர் சுற்றப் பயணச் செலவு கொடுப்பார்கள். எங்கள் பிளாக்கில் பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து போவோம். காசியோ, மைசூரோ, ஜெய்ப்பூரோ, எங்கே இறங்குவது, எங்கே சாப்பிடுவது, எந்த ஸ்டேஷனில் கக்கூஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வரைக்கும் பார்த்து வைப்பது என் வேலை. போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நடக்க வைத்து ஒத்திகை பார்ப்பேன். சிரித்தவர்கள் உண்டு. ஆனால் என்னோடு வந்து தொலைந்துபோனவர் என்று ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். அத்தனை பயணத்திலும் ஜன்னலோரம் அவள், அவளுக்குப் பக்கத்தில் நான். அவளுக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழத்தை எப்போது கையில் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இப்போது எல்லாவற்றிலும் பெரிய பயணத்துக்கு அவள் கிளம்புகிறாள், பக்கத்து சீட்டில் வேறொருத்தி.

மறுநாள் காலையில் அவளே வந்தாள். வந்து சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். விமானத்தில் அங்கே போய்க் கப்பல் ஏற வேண்டுமாம், ஏழெட்டு நாள் பயணமாம். மற்ற ஊர்களில் கப்பல்காரர்கள் பஸ் வைத்துக் கூட்டிப்போவார்களாம், அதற்குத் தனியாகக் கட்ட வேண்டுமாம், அதெல்லாம் இவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நேப்பிள்ஸ் என்கிற ஊரில் மட்டும் துறைமுக வாசலைத் தாண்டினாலே ஊர். அங்கே காலையில் இறங்கி நாள் முழுக்க நடந்தே சுற்றிப்பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஏறிக்கொள்ளலாம். மகனுக்கு வேலை இருப்பதால் அவன் வரமுடியாது.

“எங்க போறது, எங்க குந்தறது, எனுக்கு ஒண்ணியும் தெர்லக்கா. அந்த ஒரு நாளு நீ தான் பிளான் பண்ணிக் குடுக்கணும்” என்றாள்.

உன் சம்பந்தியம்மாவைக் கேட்பதுதானே என்று வாய் தவறாமலே சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தம்மா கொரட்டூரிலிருந்து மாம்பலம் போவதற்கே ஆட்டோ பிடிக்கிற ஆள், அதைப் போய்க் கேட்பார்களா என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி எரிச்சல் அடங்கியது. மீதிப் பாதி அப்படியேதான் இருந்தது.

ஒத்துக்கொண்டேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கப்பலில் எனக்கு இடமில்லை, போகட்டும். ஆனால் அந்த ஒரு நாள் என்னுடையதாக இருக்க வேண்டும். இறங்கியதிலிருந்து ஏறும்வரை ஒவ்வோர் அடிக்கும் அவளுக்கு என் ஞாபகம் வரவேண்டும். பக்கத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கட்டும், கூட்டிப்போகிறவள் நானாக இருக்க வேண்டும். அதைத் தவிர அந்த இத்தாலியில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் முதலில் அதுதான்.

மகன் அனுப்பியிருந்த சின்னப் புத்தகத்தில் துறைமுகத்தின் வரைபடம் இருந்தது. லைப்ரரியிலிருந்து ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகத்தை என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். நிறையப் படங்கள். அந்த ஊருக்குப் பின்னால் ஓர் எரிமலை. அது ஒரு காலத்தில் கக்கிய சாம்பலில் முழுசாகப் புதைந்துபோன ஒரு பட்டணம். தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள், தெரு, வீடு, அடுப்பு எல்லாம் அப்படியே இருக்கிறது. எனக்கு அந்த அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை வந்தது. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரயில் ஏறிப் போகவேண்டும், கல்லும் குழியுமாக வெயிலில் நடக்கவேண்டும். அவளுக்கு இடது முழங்கால் சுத்தமாகப் போய்விட்டது. பட்டியலில் புதைந்த பட்டணத்தை அடித்தேன். எரிமலையையும் அடித்தேன். அடிக்கும்போது, எனக்கு முட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு பேருமே ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். அவளுக்கு மூட்டு. அவள் புருஷருக்குச் சர்க்கரை, மணிக்கொரு தடவை ஒதுங்க வேண்டும். சம்பந்திக்கு ரத்தக்கொதிப்பு. சம்பந்தியம்மாவுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ஊரைப் பார்க்கிற இடங்களை வைத்துத் திட்டம் போடக்கூடாது, உட்காருகிற இடங்களை வைத்துப் போடவேண்டும். துறைமுக வாசலுக்கு எதிரிலேயே உருண்டை உருண்டையான கோபுரங்களோடு ஒரு பழைய கோட்டை. அதன் நிழலில் முதல் உட்கார்வு. அங்கிருந்து மெதுவாக நடந்தால், மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கடைவீதி. அங்கே காப்பிக்கடை. நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை என்று புத்தகத்தில் போட்டிருந்தது. உட்கார்ந்தே குடியுங்கள், உள்ளே கக்கூஸுக்கும் போகலாம் என்றேன். அடுத்தது ஒரு பெரிய வெட்டவெளி மைதானம், அதன் ஒரு பக்கம் வளைந்த வரிசையாகத் தூண்கள், நடுவில் பெரிய சர்ச். தூண் நிழலில் சாப்பாடு. பிறகு சர்ச்சுக்குள் போய் அரை மணி நேரம் சும்மா உட்காருவது. யாரும் எழுந்திரு என்று சொல்லாத, வெயிலும் இல்லாத இடம் அது ஒன்றுதான். கடைசியாகக் கடற்கரைச் சுவர் ஓரமாகக் கொஞ்ச தூரம். போன வழியே திரும்புவது. புது வழியில் திரும்பலாமே என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதே என்று அவளிடம் சொல்லிவைத்தேன். யார் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஊரில் ரோடெல்லாம் கருங்கல் பாவியது. செருப்பு உதவாது. கேன்வாஸ் ஷூ வாங்க வைத்தேன். புடவைக்குக் கீழே வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு அவள் மார்க்கெட்டுக்குப் போய்வந்தாள். பிளாக்கே வேடிக்கை பார்த்தது. ஒரு வாரத்தில் காலுக்குப் பழகிவிட்டது.

ஒத்திகை அன்று சம்பந்தியம்மாவும் வந்தாள், கொரட்டூரிலிருந்து மின்சார ரயிலில், கூடவே புருஷரும். தோளில் ஹேண்ட்பேக், காலில் குதி உயர்ந்த செருப்பு. குவார்ட்டர்ஸ் நுழைவாயில் வளைவுதான் துறைமுக வாசல் என்றேன். தண்ணீர்த் தொட்டி கோட்டை. கோ-ஆப்ரேடிவ் ஸ்டோர் வராந்தா கண்ணாடிக் கடைவீதி. விளையாட்டு மைதானம்தான் மைதானம், அதன் ஓரத்து முருகன் கோயில் சர்ச். மைதானத்துக்குக் கடைசியில் இருந்த காம்பவுண்டுச் சுவர் கடல். சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தேன், நாலு பேரும் பின்னால் வந்தார்கள். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

ஸ்டோர் வராந்தாவில் ஏற மூன்று படி. எதிர்வீட்டுக்காரியின் முழங்கையைச் சம்பந்தியம்மா பிடித்துக்கொண்டாள். வலது முழங்கை! இடது காலுக்குத்தான் வலி, இடது பக்கம்தான் பிடிக்கவேண்டும், இருபது வருஷமாக நான் பிடிக்கிறேன். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அந்தம்மா சரியான பக்கம் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிடுவாள். இவள் சிரமப்பட்டாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் அதற்காகப் பெரிதாக வருத்தம் வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்ததும் அந்தம்மா, கடைகளைச் சுற்ற எப்போது நேரம் விடுவீர்கள் என்று கேட்டாள். அதற்குத் தனியாக இன்னொரு நாள் வேண்டும், உங்கள் மருமகனிடம் சொல்லிக் கப்பலை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அந்தம்மா புருஷர் மட்டும் சத்தமில்லாமல் சிரித்தார்.

முருகன் கோயில் நடை சாத்தியிருந்தது. அதனால் உள்ளே போகவில்லை, வெளியே மண்டபத்தில் உட்கார்ந்தோம். அங்கேதான் எதிர்வீட்டுக்காரர் நேரத்தைப் பற்றிக் கேட்டார். கப்பலில் ஊருக்கு ஊர் மணியைத் தள்ளி வைப்பார்கள் என்று மகன் சொல்லியிருக்கிறான். இவரோ மாத்திரைக்காகத் தன் வாட்சை நம் ஊர் நேரத்திலேயே வைத்திருப்பேன் என்கிறார். அப்புறம் கிளம்புகிற நேரம் எப்படித் தெரியும்?

அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. வாட்சை விட்டுத்தள்ளுங்கள் என்றேன். கப்பல் புறப்படுவதற்கு முன்னால் சங்கு ஊதும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. முதல் சங்குக்கு எங்கே இருந்தாலும் எழுந்துவிடுங்கள், ரெண்டாவது சங்குக்குள் உள்ளே போய்விடுங்கள்.

நாலு பேரும் தலையாட்டினார்கள். ஏன் ஆட்டமாட்டார்கள்? ஆவடியில் எங்கள் பிழைப்பே ஃபேக்டரிச் சங்கில்தான் ஓடியது. காலையில் முதல் சங்குக்கு அடுப்பை அணைப்போம், ரெண்டாவது சங்குக்குள் ஆம்பிளைகள் கேட்டுக்குள் இருக்கவேண்டும், தாண்டினால் அரை நாள் போச்சு. குழந்தைக்குப் பால் கொடுப்பதுகூட அந்தக் கணக்கில்தான். எங்கள் எல்.டி.சி. பயணத்தில்கூட நான் ஒரு விசிலை வைத்துக்கொண்டு ரெண்டு தடவை ஊதித்தான் கூட்டத்தைச் சேர்ப்பேன். முப்பத்தைந்து வருஷம் அந்தச் சங்குக்கு ஓடிய மனுஷர் எதிர்வீட்டுக்காரர். அது போதுமே என்று எழுந்து நின்று, ரெண்டு கையையும் வாயருகே குவித்து, ஊ என்று நீளமாக ஊதினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்து, வந்த வழியே துறைமுக வாசலுக்குத் திரும்பினோம். ஒத்திகை பிரமாதம் என்று எனக்கே தோன்றியது.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். நேப்பிள்ஸ் நாள் எது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் மத்தியானச் சங்கு ஊதியபோது அங்கே காலை, இறங்கியிருப்பார்கள். இப்போது கோட்டை நிழல். இப்போது காப்பி. துணி மடிக்க உட்கார்ந்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன். இப்போது தூண் ஓரம் சாப்பிடுகிறார்கள், சம்பந்தியம்மா ஹேண்ட்பேக்கைத் திறந்து இவளுக்கு ஏதோ எடுத்துக் கொடுக்கிறாள். இப்போது சர்ச்சுக்குள் இருட்டில் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். நான் போட்ட அரை மணி நேரம், நான் தேடிப்பிடித்த இடம், அதில் அந்தம்மா சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் எடுத்த காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தேன்.

“இங்கேயிருந்தே ரிமோட்ல ஓட்டுறியா அவங்களை?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எழுந்து போய் வாசலில் நின்றேன்.

திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம், பிளாக்குக்கு நடுவில் இருக்கும் வேப்பமரத்தடியில் பெண்கள் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கப்பலில் நாலு மாடி ஏறி இறங்கியது, சாப்பாட்டில் மூன்று வகை ரொட்டி வைத்தது, அலையில் இவருக்குத் தலை சுற்றியது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், நேப்பிள்ஸுக்கு வந்தாள். வாசலைத் தாண்டினதும் உருண்டைக் கோபுரம், அதன் நிழலில் உட்கார்ந்தது. மேலே பார்த்தால் கழுத்து வலிக்கிற மாதிரி கண்ணாடிக் கூரை, உட்கார்ந்து குடித்த கசப்புக் காப்பி. வளைந்த தூண்கள், மைதானம், கடற்கரைச் சுவர். கையை வீசி வீசிக் காட்டினாள். பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அக்கா இன்னா சொல்லிச்சோ அதான், ஒரு அடி கூட மாறலை என்று என்னைக் காட்டி வேறு சொன்னாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சபாஷ் என்றார்கள்.

அது எனக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. சொல்லச் சொல்லப் புகைந்தது. அட, நான் படத்தில் பார்த்ததை இவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். நான் காம்பவுண்டுச் சுவரைக் காட்டிக் கடல் என்றேன், இவள் கடலையே பார்த்திருக்கிறாள். அதுவும் அந்தம்மாவோடு. முட்டி எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லாத்தான் இருந்தது என்றாள். எழுந்து போகும்போது பார்த்தேன், முன்னைவிட நொண்டினாள்.

அதற்குப் பிறகு அவள் என் சமையலறை வாசற்படிக்கு வருவது குறைந்தது. வந்தாலும் நேப்பிள்ஸ் பேச்சை எடுத்தால் வேறு பேச்சுக்குத் தாவினாள். கூட்டத்தில் சொல்வாள், தனியாக என்னிடம் சொல்லமாட்டாள். சரிதான், தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன். கப்பலில் போய்வந்தவளுக்கு எதிர்வீடு எதற்கு? நானும் விறைத்துக்கொண்டேன். அவள் புருஷர் ரிட்டயர் ஆனார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வேப்பம்பட்டில் மனை இருக்கிறது, அங்கேதான் கட்டுவோம் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், கொரட்டூரில் வீடு பார்த்தாகிவிட்டது என்றாள். சம்பந்தி வீட்டுத் தெருவிலேயே. நல்லது, அங்கே ஏரிக்காற்று வரும் என்றேன். வேறு என்ன சொல்வது? சாமான் ஏற்றுகிற அன்று லாரியைப் பார்க்கப் பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

பால் காய்ச்சுகிறோம், வந்துவிடு என்று ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினாள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. கொரட்டூரில் இறங்கி நடந்து போனோம். கூடத்தில் ஜமுக்காளம் விரித்துத் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் சம்பந்தியம்மாதான் எல்லாம். சர்க்கரை டப்பா எங்கே, டம்ளர் எங்கே என்று கையை வைத்தால் கிடைக்கிறது அவளுக்கு. அந்த வீட்டில் நான் ஒரு டம்ளரை எங்கே தேடுவது என்று தெரியாமல் நின்றேன்.

அங்கே நானும் சம்பந்தியம்மாவும் மட்டும் இருந்தபோது, சும்மா இருக்க முடியாமல், நீங்கள் கொடுத்துவைத்தவர், நாள் முழுக்க அவளோடு நேப்பிள்ஸில் சுற்றியிருக்கிறீர்கள் என்று ஒரு குத்துக் குத்தினேன்.

அந்தம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “நாள் முழுக்கவா?” என்றாள்.

பிறகு சொன்னாள். காலையில் இறங்கினார்கள். கோட்டை நிழலில் முதல் உட்கார்வு, நான் சொன்னபடியே. தண்ணீர் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். அதற்குள் துறைமுகத்திலிருந்து ஒரு சங்கு. எதிர்வீட்டுக்காரர் துள்ளி எழுந்திருக்கிறார். இப்போதுதானே இறங்கினோம் என்று சம்பந்தி சொல்லியிருக்கிறார். முதல் சங்கு, முதல் சங்கு என்று இவர் கேட்கவில்லை. வாட்சைப் பார்த்தால் அது ஆவடி நேரம். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சங்கு. அவ்வளவுதான். அந்தக் கல் ரோட்டில் நாலு பேரும் ஓடியிருக்கிறார்கள், முட்டி போன எதிர்வீட்டுக்காரி உட்பட. ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது கப்பல்காரர்கள் சொன்னார்களாம், அது பக்கத்துத் தீவுக்குப் போகிற சின்னக் கப்பல்களின் சங்கு, நாள் முழுக்க ஊதிக்கொண்டேதான் இருக்கும், உங்களுக்கு இன்னும் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கிறது, மறுபடி இறங்கிப் போங்கள் என்று. எங்கே இறங்குவது? இவளுக்கு முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. மேல் தளத்தில் நாற்காலி போட்டு, நாலு பேரும் இருட்டும் வரைக்கும் அந்த ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்களாம்.

“அவங்களுக்கு அந்த ஊரைப் பார்க்காம போனது பத்தி ஒண்ணுமில்ல. ‘அக்காவுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா தாங்காது, அது பேரு கெட்டுப் போயிடும்’னு எங்க மூணு பேர் கையிலயும் அடிச்சு சத்தியம் வாங்கினாங்க. எனக்கும்தானே அந்த ஊர் போச்சு? என்னை யாரு கேட்டாங்க?” என்றாள் அந்தம்மா. “இப்ப நான் சொன்னேன்னு நீங்களும் சொல்லிடாதீங்க.”

எனக்கு முதலில் முகம் சுட்டது. கடலுக்குப் பக்கத்தில் ஒரு நாள்கூட இருந்து பழகாத நான், சங்கை நம்பச் சொல்லியிருக்கிறேன். என் புத்தகத்தில் தீவும் இல்லை, சின்னக் கப்பலும் இல்லை. அவள் முட்டியை நான்தான் உடைத்தேன். அது புரிந்தது. ஆனால் அதற்கு மேலே ஏறிக்கொண்டு இன்னொன்று வந்தது, அதுதான் பெரிதாக வந்தது. இத்தனை மாசம் நான் யாருமே போகாத ஒரு நாளைப் பார்த்து எரிந்திருக்கிறேன். சம்பந்தியம்மா அந்தத் தூணில் சாயவில்லை. அந்த இருட்டில் இவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வேப்பமரத்தடியில் இவள் கையை வீசிக் காட்டியதெல்லாம் நாங்கள் மைதானத்தில் நடந்தது. எனக்காக இவள் ஊரையே ஏமாற்றியிருக்கிறாள், கொண்டுகொடுத்த சம்பந்தியை வாயடைத்து வைத்திருக்கிறாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கூடத்தில் பேச்சு அங்கேயே போயிருந்தது. கொரட்டூர்ப் பெண்கள் கப்பலைப் பற்றிக் கேட்க, இவள் கோட்டையைத் தாண்டி, காப்பி குடித்து, தூண் வரைக்கும் வந்துவிட்டாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். ஒருத்தி கேட்டாள், அந்த சர்ச் உள்ளே எப்படி இருந்தது என்று.

இவள் நின்றுவிட்டாள். ஒத்திகை அன்று நாங்கள் கோயிலுக்கு உள்ளே போகவில்லை. நடை சாத்தியிருந்தது. புடவைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள், பெருசா இருந்தது என்றாள், மறுபடி துடைத்தாள். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“உள்ளே நுழைஞ்சதும் ஒண்ணுமே தெரியாது” என்றேன் வாசலிலிருந்து. “வெயில்லேருந்து போறோம் இல்ல, கண்ணு பழகணும். அப்புறம் அண்ணாந்து பார்த்தா வட்டமா ஒரு கூரை. அதுக்கு நட்ட நடுவுல ஒரு ஓட்டை. அது வழியா வெளிச்சம் கீழே இறங்குது.”

படத்தில் பார்த்தது அது. பல நாள் பார்த்தது.

எதிர்வீட்டுக்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தட்டோடு நின்ற சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. புரிந்துகொண்டாள் என்று எனக்கும் புரிந்தது.

“நீயே சொல்லுக்கா” என்றாள். “நீதான என்ன கூட்டிக்கினு போன.”

தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். ஜமுக்காளத்தில் நகர்ந்து தனக்குப் பக்கத்தில் இடம் விட்டாள். போய் உட்கார்ந்தேன். அந்த வெளிச்சம் தரையில் எப்படி விழுந்தது, பெஞ்சு எவ்வளவு குளிர்ந்திருந்தது, உட்கார்ந்தவுடன் கால் வலி எப்படி விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். ஆமா, ஆமா என்றாள் அவள். சம்பந்தியம்மா பால் டம்ளர் அடுக்கிய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தபடி கதவோரமே நின்றாள். அந்தப் பார்வை எப்படி எரியும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்க, வந்து இப்படி உட்காருங்க என்று நான் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. சர்ச்சிலிருந்து கிளம்பி எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன்.